குரங்குகளின் வரிசையும் நம் சாதியும்

"குரங்குலயே மேல கீழ இருக்கு சார். இயற்கை வச்சது. நீங்களும் நானும் என்ன செய்ய முடியும்?"

இதைச் சொன்னவர் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் பல வருசம் வேலை பார்த்தவர். கெட்ட மனுசன் இல்லை. என் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது தன் வண்டியில் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். முந்தின நாள் ராத்திரி தொலைக்காட்சியில் குரங்குகளைப் பற்றி ஒரு படம் பார்த்திருக்கிறார். தலைவி குரங்கின் பிள்ளை தலைமைக்கு அடுத்த இடத்திலேயே பிறக்கிறது, கடைசிக் குரங்கின் பிள்ளை கடைசியிலேயே பிறக்கிறது என்று அதில் காட்டினார்களாம். ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். அந்த அறையில் விலங்கியல் படித்தவன் நான் ஒருத்தன்தான். சேரியிலிருந்து வந்தவனும் நான் ஒருத்தன்தான். அவர் என்னிடம் கேட்டது விலங்கியலா சாதியா என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டேன்.

பணி ஓய்வு பெற்று இத்தனை வருசம் கழித்து அதற்குப் பதில் எழுதுகிறேன். மணி அடித்ததால் தப்பித்தேன் என்பது உண்மை. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை என்பதும் உண்மை.

குரங்கு எனக்குப் புதிதல்ல. எங்கம்மா குற்றாலத்தில் சீசனுக்குச் சீசன் கூட்டுகிற வேலைக்குப் போனவள். ஆனி, ஆடியில் சாரல் விழ ஆரம்பித்ததும் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் ஜனம் வந்து குவியும். எண்ணெய்க் குப்பி, வாழையிலை, எச்சில் சோறு, பிள்ளைகளின் பீத்துணி எல்லாவற்றையும் அள்ள ஆள் வேண்டும். ஏழெட்டு வயசில் நானும் கூடப் போய் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு விளையாட்டுத் துணை குரங்குகள்தான். தலையில் குல்லா வைத்தாற்போல முடி வகிடு பிரிந்த நாட்டுக் குரங்கு. இது தென்னிந்தியாவைச் சுற்றித்தான் உண்டு, உலகத்தில் வேறெங்கும் இயல்பாக வாழ்வதில்லை என்பதெல்லாம் பின்னால் படித்தது. ஆணைக் கடுவன் என்றும் பெண்ணை மந்தி என்றும் தனித்தனிப் பெயரிட்டு அழைக்கிற அளவுக்கு நம் மொழிக்கு அதுகளோடு பழக்கம் உண்டு.

ஒருநாள் டீக்கடை பெஞ்சில் யாரோ பாதி குடித்துவிட்டு வைத்த கண்ணாடி டம்ளரை ஒரு மந்தி எடுத்தது. நக்கிப் பார்த்தது, விரலை விட்டுத் துழாவியது, கவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே டம்ளரை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கி, அடுத்த ஆளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். அவரும் வாங்கிக் குடித்தார். எங்கம்மாவுக்கு அந்தக் கடையில் கொட்டாங்கச்சி. கடைக்குப் பின்புறம் ஓலைச் செருகலில் சொருகி வைத்திருப்பார்கள். அவளே எடுத்து, அவளே கழுவி, தூக்கிப் பிடிக்க வேண்டும். மேலே இருந்து ஊற்றுவார்கள். அந்த வயசில் எனக்குக் கோபம் வரவில்லை. குரங்காய்ப் பிறந்திருக்கலாமோ என்றுதான் தோன்றியது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அப்படித்தான் தோன்றியது.

எங்களைக் குரங்கோடு ஒப்பிட்டுப் பேசுவது ஊர்த்தெருக்காரர்களுக்குப் பழைய பழக்கம். அதனால் இப்படி ஒரு கட்டுரையைத் தலித் ஒருவன் எழுதலாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். குரங்கை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

இனி அந்த ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது பொய்யல்ல. 1920களின் தொடக்கத்தில் நார்வேக்காரர் ஷெல்டரூப் எப்பே என்பவர் கோழிகளைக் கவனித்து, எது எதைக் கொத்துகிறது, எது கொத்து வாங்கிக்கொண்டு ஒதுங்குகிறது என்று குறித்து வைத்தார். கூட்டுக்குள் ஒரு வரிசை இருந்தது. 1958இல் ஜப்பானில் கவாமுரா என்பவர் மினோ மலைக் குரங்குகளில் அதைவிட அதிசயமான ஒன்றைக் கண்டார். தாயின் இடத்துக்கு நேர் கீழே மகள் வந்து நிற்கிறாள். அக்கா தங்கைகளில் இளையவள் மூத்தவளுக்கு மேலே போய்விடுகிறாள். நம்முடைய நாட்டுக் குரங்கும் அந்த இனத்துக்கு ஒன்றுவிட்ட உறவுதான். மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே இருந்து சாகும். அவற்றுக்குள் வரிசை உண்டு. அதில் தாயின் இடம் மகளுக்கு உதவும். படம் எடுத்தவர்கள் புளுகவில்லை.

ஆனால் இந்த வரிசையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை அந்தப் படம் காட்டியிருக்காது. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள் என் மகள். அவள் விலங்கியலில் முதுகலை படித்தவள். ஒரு நாள் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினாள். சின்னச் சின்ன வட்டங்கள், அவற்றை இணைத்துக் கோடுகள். சில கோடு தடிமன், சில கோடு நூல் மாதிரி.

"இது என்னட்டி, ரேசன் கார்டு மேப்பா?"

"ஒவ்வொரு வட்டமும் ஒரு குரங்குப்பா. யாரு யாருக்குப் பேன் பாக்குதோ அவங்களுக்கு நடுவுல கோடு. அடிக்கடி பாத்தா கோடு தடிக்கும்."

இதை வலைப்பின்னல் ஆய்வு என்கிறார்கள். முதலில் இது மனிதர்களுக்காக வந்ததுதான். மொரேனோ என்ற மனநல மருத்துவர் 1930களில் அமெரிக்காவில் ஹட்சன் என்ற ஊரின் பெண்பிள்ளைகள் விடுதியிலிருந்து ஏன் அத்தனை பேர் தப்பி ஓடுகிறார்கள் என்று பார்க்கப் போய், யாருக்கு யாரோடு ஒட்டு, யாருக்கு யாரோடு வெட்டு என்று கோடு போட்டுப் படம் வரைந்தார். ஓடிப்போன பிள்ளைகள் ஒருத்தியோடு ஒருத்தி கோட்டால் கட்டுண்டிருந்தார்கள். பின்னாளில் கணக்குத் தெரிந்தவர்கள் அதைக் கூர்மையாக்கினார்கள். ஒரு புள்ளியில் எத்தனை கோடு சேருகிறது, எந்தப் புள்ளியை எடுத்துவிட்டால் கூட்டம் இரண்டாக உடையும், எந்தப் புள்ளி ஒன்றுமில்லாமல் ஓரத்தில் கிடக்கிறது என்பதற்கெல்லாம் அளவு உண்டு. திமிங்கிலத்திலிருந்து எறும்பு வரை இப்போது இப்படிப் பார்க்கிறார்கள்.

எனக்குப் படத்தைவிட, படத்துக்கு வேண்டிய தகவலைச் சேர்க்கிற முறைதான் மனசில் தைத்தது. ஜீன் ஆல்ட்மன் என்ற பெண் விஞ்ஞானி 1974இல் ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை விலங்குகளைக் கவனித்த பலர் கண்ணில் பட்டதை எழுதிக்கொண்டிருந்தார்கள். கண்ணில் படுவது எது? உறுமுகிற பெரிய கடுவன், சண்டை, கூச்சல். மூலையில் குட்டியை அணைத்து உட்கார்ந்திருக்கும் மந்தி குறிப்பில் ஏறாது. இப்படிச் செய்தால் கணக்கே கோணலாகிவிடும் என்றார் ஆல்ட்மன். ஒவ்வொரு விலங்குக்கும் முறை வைத்து, அதன் முறை வரும்போது இத்தனை நிமிசம் அதை மட்டும் பார், அது சும்மா இருந்தாலும் சும்மா இருக்கிறது என்று எழுது என்றார். தலைவனுக்கு எத்தனை நிமிசமோ கடைசிக்கும் அத்தனை நிமிசம்.

நான் முப்பது வருசத்துக்குப் பக்கத்தில் பள்ளியில் வரலாற்றுப் புத்தகம் புரட்டிய பிள்ளைகளைப் பார்த்தவன். அதில் தென்காசி என்றால் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோபுரம். கோபுரத்துக்குக் கல் இழுத்தவனுக்கு ஒரு நிமிசம்கூட முறை வந்ததில்லை. குரங்கு ஆராய்ச்சிக்காரனுக்கு 1974இல் புரிந்த நியாயம் நம் வரலாற்று ஆசிரியர்கள் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கிறது? நம் இதழ்களில் எழுதாத கைகள் எழுத வந்தபோது, "இதெல்லாம் இலக்கியமா, வெறும் புலம்பல்" என்றார்களே, அவர்கள் கண்ணில் பட்டதை மட்டும் எழுதிப் பழகியவர்கள்.

குரங்குக்கு வருவோம். பேன் பார்ப்பது என்று நாம் சொன்னாலும் பேனைவிட அதில் தொடுதல்தான் பெரிசு. ஒன்றின் உடம்பில் ஒன்று கைவைத்து மயிரை விலக்கி விலக்கிப் பார்ப்பது. அதுதான் அவற்றின் ரூபாய், அதுதான் நலம் விசாரிப்பு, அதுதான் சமாதானம். பெங்களூர் ஆய்வாளர் அனிந்திய சின்ஹா 1998இல் நாட்டுக் குரங்கு மந்திகளைப் பற்றி எழுதியதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். இரண்டு மந்திகள் பேன் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இரண்டுக்கும் மேலான மூன்றாவது ஒன்று நெருங்கி வருகிறது. இருவரில் ஒன்று எழுந்து இடம் விடும். பெரும்பாலும் எழுவது கீழே இருப்பதுதான். ஆனால் சில சமயம் மேலே இருப்பது எழுந்து போய்விடுகிறது, கீழே இருப்பது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எப்போது? கீழே இருக்கிற மந்தி, கூட்டத்தில் மற்ற மந்திகளிடம் நிறையப் பேன் பார்த்துக்கொள்கிற, எல்லோருக்கும் வேண்டியவளாக இருக்கும்போது. வருகிறவள் இவளிடம்தான் வருகிறாள் என்று மேலே இருப்பவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அதாவது வரிசையில் கீழே இருப்பவளுக்கு வரிசையைத் தவிர வேறொரு மதிப்பும் இருக்கிறது. அந்த மதிப்புக்காக மேலே இருப்பவள் எழுந்து இடம் விடுகிறாள். எங்கள் பக்கம் அப்படி ஒருத்தி எழுந்து இடம் விட்ட பஸ்சை நான் பார்த்ததில்லை.

இங்கேதான் அந்த ஆசிரியர் நண்பர் இரண்டு விசயங்களைக் குழப்பினார். வரிசை வேறு, சாதி வேறு. அம்பேத்கர் 1916இல், இருபத்தைந்து வயசில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் சாதியின் உயிர் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார். தீட்டில் இல்லை, தொழிலில் இல்லை. அகமணத்தில் இருக்கிறது என்று முடிக்கிறார். வெளியே பெண் கொடுத்து எடுத்துக்கொண்டிருந்த கூட்டங்கள் கதவைச் சாத்திக்கொண்டன. சாத்திய கதவுதான் சாதி. குரங்குக் கூட்டத்தில் கதவே கிடையாது. கடுவன் வயசுக்கு வந்ததும் பெரும்பாலும் பிறந்த கூட்டத்தை விட்டுப் போகிறது. அம்மா ராணியாக இருந்தால் என்ன, போன இடத்தில் அவன் யாரோ. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு கூட்டத்தில் ஒட்டிக்கொண்டு அங்கே பிள்ளை பெறுகிறான். இப்படி ஒவ்வொரு தலைமுறையும் கலந்துகொண்டே இருக்கிறது. வரிசை உண்டு, அந்த வரிசை ஒரு கூட்டத்துக்குள். அதுவும் பாதிப் பேருக்கு இளமையோடு சரி. தீண்டக்கூடாத குரங்கு என்று ஒன்று கிடையாது. கடைசி மந்தியும் முதல் மந்தியின் முதுகில் கை வைக்கிறது. வைப்பதற்குத்தான் அது தவிக்கிறது.

குரங்கு புண்ணிய ஆத்மா என்று நான் சொல்ல வரவில்லை. கடிக்கும், பறிக்கும், குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும். அதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். ஒருவேளை குரங்குகளிடம் அசல் சாதியே இருந்திருந்தால் என்ன? நாம் ஏற்றுக்கொள்ள வேண்டுமா? சில பூச்சிகளில் பெண் ஆணைத் தின்கிறது. அதைக் காட்டி எந்த மாமியாரும் மருமகனைத் தின்பதில்லை. இயற்கையில் இருக்கிறது என்பது ஒரு தகவல். நாம் எப்படி வாழ வேண்டும் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு எந்தக் குரங்கும் பதில் சொல்லாது. 1936இல் சாதி ஒழிப்பு நூலில் அம்பேத்கர் இதை நேராகவே எதிர்கொள்கிறார். மனிதர்கள் பிறப்பாலும் வளர்ப்பாலும் முயற்சியாலும் சமமாக இல்லை என்பதை அவர் ஒத்துக்கொள்கிறார். அதற்காக அவர்களைச் சமமில்லாமல் நடத்தலாமா என்று திருப்பிக் கேட்கிறார். சமத்துவம் நாம் ஏற்று நடக்கவேண்டிய கோட்பாடு என்கிறார். என்னைப் போன்ற விலங்கியல் வாத்தியார்கள்கூட இதை மறந்துவிட்டு, குரங்கைக் கொண்டே சாதியை உடைத்துவிடலாம் என்று கிளம்பிவிடுகிறோம். அதே குரங்கைக் கொண்டே அவர்கள் சாதியைக் கட்டுகிறார்கள்.

ஆனால் அந்தக் கோடு போடுகிற வித்தை இருக்கிறதே, அது நமக்கு உதவும். மெக்கிம் மாரியட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் உத்தரப்பிரதேசத்து கிராமம் ஒன்றில் எந்தச் சாதி யார் கையால் சோறு வாங்கித் தின்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்று கட்டம் போட்டு எழுதி 1968இல் வெளியிட்டார். குறுக்கே கொடுப்பவர், நெடுக்கே வாங்குபவர். கொடுக்கிறவன் மேலே, வாங்குகிறவன் கீழே. கோழிக்கும் குரங்குக்கும் போடுகிற கட்டம்தான். படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு ஒரு நோட்டை எடுத்து நானும் கட்டம் போட்டேன். எங்கள் ஆசிரியர் அறை. மத்தியானச் சாப்பாடு.

நினைவிலிருந்துதான் எழுதினேன், ஆனால் அந்த நினைவு தப்பாது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்போம். கத்தரிக்காய்க் கூட்டு இங்கிருந்து அங்கே போகும், மோர் மிளகாய் அங்கிருந்து இங்கே வரும். எனக்கும் வரும். தாராளமாகவே வரும். "சார், நம்ம வீட்டு அவியல், எடுத்துக்கிடுங்க." என் பாக்ஸிலிருந்து போனது? கணக்கு வாத்தியாருக்கு வயிறு சரியில்லை. தமிழம்மாவுக்குக் கிருத்திகை. இன்னொருவருக்கு டாக்டர் எண்ணெய் ஆகாது என்றார். ஒருத்தர் மட்டும் நேராகவே சொன்னார்: "எங்க வீட்டுல தெரிஞ்சா சங்கடம் சார், தப்பா நினைக்காதீய." அவர் மேல்தான் எனக்குக் கொஞ்சம் மரியாதை. பணி ஓய்வு விருந்துக்கு நான் ஓட்டலில் பிரியாணி சொல்லியிருந்தேன். அத்தனை பேரும் சாப்பிட்டார்கள். காசு என்னுடையது, கை வேறொருவருடையது.

கட்டத்தில் எழுதிப் பார்த்தால் என் பெயருக்கு நேரே வாங்கியது எல்லாம் நிரம்பியிருக்கிறது. கொடுத்தது ஒரே ஒரு இடத்தில் தவிர முழுக்கப் பூஜ்யம். அந்த ஒரு இடம் கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாய் வீட்டு வாத்தியார். அவர் என் வீட்டுக் கருவாட்டுக் குழம்பைக் கேட்டு வாங்கித் தின்றவர். 1981 பிப்ரவரியில் இதே தென்காசி வட்டாரத்தில் மீனாட்சிபுரத்து மக்கள் நூற்றுக்கணக்கில் ஏன் இஸ்லாத்துக்குப் போனார்கள் என்று டில்லியிலிருந்தெல்லாம் தலைவர்கள் வந்து விசாரித்தார்கள். அரபு நாட்டுப் பணம் என்றார்கள். என்னுடைய நோட்டின் ஒரு பக்கத்தைக் காட்டியிருந்தால் போதும். எந்தப் பக்கம் கோடு விழுகிறதோ அந்தப் பக்கம் ஜனம் நகரும்.

"நான் சாதி பார்க்கிறதில்லை" என்று சொல்கிற அத்தனை பேரிடமும் இந்தக் கட்டத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்ல ஆசை. சாதி அவர்கள் மனசுக்குள் இருக்கிறதா என்று தேடினால் கிடைக்காது, அவர்களுக்கே கிடைக்காது. எந்தக் கோடு முப்பது வருசத்தில் ஒரு தடவைகூட விழவில்லை என்று பார்த்தால் கிடைக்கும்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும், இதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. செங்கோட்டையைத் தாண்டி, புளியரை ஏறி, ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் போனால் தென்மலை. பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்துக்கொண்டே ரயிலில் போகலாம். அங்கே அணைப் பக்கத்தில் சுற்றுலா வருகிறவர்களிடம் பிடுங்கித் தின்று வாழும் நாட்டுக் குரங்குகளை கிருஷ்ணா பாலசுப்ரமணியமும் கூட்டாளிகளும் ஆராய்ந்தார்கள். குற்றாலத்துக் குரங்குகளுக்கு மலைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கூட்டங்கள், பதினோரு மாதம். 2020இல் வெளியான அவர்கள் கட்டுரையின் கேள்வி இது: மனிதர் தின்பண்டம் கிடைப்பதால் குரங்குக்கு நேரம் மிச்சமாகி அது கூடுதலாகப் பேன் பார்க்கிறதா, இல்லை மனிதரோடு மல்லுக்கட்டுவதில் நேரம் போய்க் குறைகிறதா?

கிடைத்த விடை: மனிதர்களை அதிகமாகக் கண்காணித்துக்கொண்டிருக்கும் குரங்கு, குறைந்த நேரமே பேன் பார்க்கிறது, அதுவும் குறைந்த பேரோடு. ஆணானாலும் பெண்ணானாலும், வரிசையில் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், எந்தப் பருவமானாலும் இதுதான். தின்பண்டம் தின்றது எந்த வித்தியாசத்தையும் உண்டாக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருப்பதுதான் தின்றுவிடுகிறது. இவன் கல்லெடுப்பானா, பழம் கொடுப்பானா, கம்பை ஓங்குவானா என்று ஒரு கண் எப்போதும் அங்கேயே இருந்தால் பக்கத்தில் இருப்பவளின் முதுகுக்கு எங்கிருந்து கை வரும்?

மகள் இதைப் படித்துச் சொன்னபோது எங்கம்மாவின் கண்கள் ஞாபகத்துக்கு வந்தன. கூட்டும்போது குனிந்திருப்பாள், ஆனால் மேஸ்திரி எங்கே நிற்கிறார், கடைக்காரர் முகம் எப்படி இருக்கிறது, குளிக்க வந்த ஐயா எந்தப் பக்கம் நடந்து வருகிறார், நிழல் படுமா, ஒதுங்க வேண்டுமா என்று அந்தக் கண் சுழன்றுகொண்டே இருக்கும். அவளுக்கு அவர்கள் ஒவ்வொருவரின் குணமும் அத்துப்படி. அவர்களுக்கு அவள் பெயர் தெரியாது. ராத்திரி வீட்டுக்கு வந்தால் என்னோடு பேச அவளிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. சீசன் முடிந்து அருவி வற்றின மாதங்களில்தான் திண்ணையில் உட்கார்ந்து தெருப் பெண்கள் வரிசையாக ஒருத்தி தலையை ஒருத்தி மடியில் போட்டுப் பேன் பார்ப்பார்கள், கதை பேசுவார்கள், சண்டை போடுவார்கள். எனக்கும் பார்ப்பாள். அந்த விரல் இன்னும் தலையில் இருக்கிறது. சீசனில் அவள் என்னைத் தொட்ட ஞாபகம் இல்லை. அம்மாவுக்கு என் மேல் பாசம் குறைவு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஒடுக்குமுறை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டதைக் கணக்குப் போடும்போது நிலம், கூலி, மானம் என்று எழுதுகிறோம். ஒருத்தரை ஒருத்தர் பார்க்க வேண்டிய நேரத்தையும் அந்தப் பட்டியலில் எழுத வேண்டும். நம் இயக்கங்கள் ஏன் இத்தனை துண்டாகின என்று பேசும்போதும் இதை யோசிக்கலாம். தோழனைப் பார்ப்பதைவிட எதிரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம்.

கடல் கடந்து ஒரு கதை. போர்ட்டோ ரிக்கோ பக்கம் காயோ சாந்தியாகோ என்று ஒரு குட்டித் தீவு. 1938இல் இந்தியாவிலிருந்து நானூற்றுச் சொச்சம் வடநாட்டுக் குரங்குகளைக் கப்பலில் கொண்டுபோய் விட்டார்கள். நாட்டுக் குரங்கைவிட முரடு அது. வரிசையில் கடும் கண்டிப்பு. 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்து தீவின் மரங்களில் பெரும்பகுதி போய்விட்டது. வெயிலுக்கு நிழல் இல்லை. இருக்கிற துண்டு நிழலுக்கு அடித்துக்கொண்டு சாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. பல வருசமாக யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்ற கணக்கு ஆய்வாளர்களிடம் இருந்தது. புயலுக்குப் பின் முன்பு பழகாதவை பக்கத்தில் உட்கார ஆரம்பித்தன. சகிப்பு கூடியது. அப்படிப் பக்கத்தில் உட்காரப் பழகியவைதான் அதிகமாகப் பிழைத்தன என்று 2024இல் எழுதினார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பக்கத்து முகாம்களில் என்ன நடந்தது என்பது அப்போதே பத்திரிகைகளில் வந்தது. தலித்துகளைச் சேர்ந்து தங்க விடவில்லை. தண்ணீரைத் தொட விடவில்லை. அழுகின பிணம் எடுக்க மட்டும் வெளியூர்களிலிருந்தெல்லாம் துப்புரவுத் தொழிலாளிகளைக் கொண்டுவந்தார்கள். இயற்கையில் மேல் கீழ் இருக்கிறது என்ற நண்பரே, அந்தத் தீவில் ஒரு நிழலும் இந்தக் கரையில் ஒரு நிழலும் இருந்தன. இரண்டில் எதை இயற்கை வைத்தது?

இதோடு முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மகள் விடவில்லை. "எல்லாருக்கும் கட்டம் போட்டாச்சு. நம்ம தெருவுக்குப் போட்டியாப்பா?" என்றாள்.

நாங்கள் பறையர். எங்களுக்குத் துணி வெளுக்க, பிள்ளைபேற்றுத் தீட்டுத்துணி அலச, சாவுக்கு மாற்று விரிக்க ஒரு குடும்பம் இருந்தது. புதிரை வண்ணார். தெருக் கடைசியையும் தாண்டி ஓடைக்கரையில் ஒரு குடிசை. திருநெல்வேலிச் சீமையில் அவர்கள் பகலில் கண்ணில் படவே கூடாது என்று வைத்திருந்ததைப் பற்றி 1932இலேயே இந்து நாளேட்டில் செய்தி வந்திருக்கிறது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் பகலில் வருவார்கள். அந்தி சாய்ந்ததும் அந்த அம்மா சட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்து சோறு வாங்கிப் போவாள். எங்கம்மாவும் போடுவாள், மேலே இருந்துதான் போடுவாள். கொட்டாங்கச்சியில் டீ ஊற்றுகிறவனின் கை எந்த உயரத்தில் இருந்ததோ, ஏறக்குறைய அதே உயரம். அவள் வீட்டில் எங்கள் தெருக்காரர் யாரும் தண்ணீர் குடித்ததை நான் பார்த்ததில்லை. நான் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், அம்பேத்கர் படம் மாட்டி, நூற்றாண்டு விழாவில் மைக் பிடித்துப் பேசிய பிறகும் அந்தக் குடிசைக்குப் போனதில்லை. வெறுப்பு எதுவும் இல்லை. தோன்றவே இல்லை. ஆசிரியர் அறையில் மற்றவர்களுக்கும் இப்படித்தான் தோன்றாமல் இருந்திருக்கும்.

அந்த அம்மாவின் மகன் என் வயசுக்காரன். இப்போது தென்காசியில் ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறான். போன ஆவணியில் நோட்டை எடுத்துக்கொண்டு மகளோடு அவன் வீட்டுக்குப் போனேன். விசயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் இஸ்திரி போடுகிற கை மாதிரியே மேஜையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஒங்க தெருவுல எங்கள யாரும் அடிச்சதில்ல வாத்தியாரே, அதச் சொல்லணும்லா. ஆனா யாரும் உள்ள வந்ததில்ல. ஒங்கம்மா நல்ல அம்மா. சோத்துல கறித்துண்டு கெடந்தா அது ஒங்கம்மா போட்டதுன்னு எங்கம்மா சொல்லுவா. இப்ப இத எழுதி என்ன செய்யப் போறீய?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் மனைவி காப்பி கொண்டுவந்தாள். குடித்தேன். எவர்சில்வர் டம்ளர், சூடு கையைப் பொசுக்கியது.

திரும்பி வரும்போது பஸ்சில் நோட்டைத் திறந்து, அவன் பெயருக்கு நேரே என் பெயருக்குக் கீழே ஒரு கோடு இழுக்கப் போனேன். மகள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவ பாத்தத வச்சு கோடு போட மாட்டாங்கப்பா."

குத்துக்கல்வலசை தாண்டும்வரை அவள் பேனாவைத் திருப்பித் தரவில்லை.